காணாமல் போன நான்கு அங்குலம்

அக்கா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். அந்தச் சந்துச் சுவரில், ஆள் எட்டாத உயரத்தில், விரல் தடங்கள் இருப்பதை முதலில் பார்த்தவள் அக்காதான். சிமெண்ட் தூளில் தோய்த்து எடுத்தது போல நான்கு சாம்பல் நிற விரல்கள். ஒரு வாரம் கழித்து அதற்குச் சற்று மேலே இன்னொரு தடம். அடுத்த வாரம் அதற்கும் மேலே ஒன்று.

"திருடன்டா. மாடி ஜன்னலுக்கு அளவு பாத்துட்டுப் போறான்" என்றாள் அக்கா.

"வாரத்துக்கு ஒரு அங்குலமா ஏறுறானா? அவன் மாடிக்கு வந்து சேர்றதுக்குள்ள நாம வீடே மாத்திடலாம்."

"படிச்ச வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. போய் அளந்து பாரு."

அளப்பது எனக்குப் பழக்கம். குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை குழாயின் வாயையும் தடிமனையும் அளந்து 'சரி' அல்லது 'தள்ளு' என்று எழுத வேண்டும். ஒரு குழாயைப் பார்த்து இது நன்றாக இருக்கிறதே என்று நினைக்க எனக்கு அனுமதி இல்லை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அதனாலேயே வீட்டில் எது நடந்தாலும், பல்பு எரியாவிட்டால்கூட, "நீ படிச்சவன்தானே, பாரு" என்பார்கள். வேலை கிடைத்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்.

ஏணி வைத்து ஏறி எல்லாத் தடங்களையும் அளந்தேன். கீழே இருந்தது ஒன்பது அடி இரண்டு அங்குலம். மேலே இருந்தது ஒன்பது அடி ஐந்து. எல்லாமே ஒரே கை. சுண்டு விரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அப்படி ஒரு சுண்டு விரல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. கலவை இயந்திரத்தில் சிக்கி, தப்பாகச் சேர்ந்துபோன விரல். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமாவுடையது.

அதைச் சொன்னதும் அக்காவுக்குத் திருடன் மறந்துபோனான். வேறு பயம் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அதான் பாத்தேன். ரெண்டு மாசமா விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடறாரு. கேட்டா, வெயிலுக்கு முன்னாடி தளம் போடணுமாம். ஆனா வேலைக்குப் போற ஆளு எதுக்குடா புது ஷூவை சிமெண்ட் பையில சுத்தி எடுத்துட்டுப் போகணும்? ஒரு நாளைக்கு ஏழு முட்டை. எண்ணி வெச்சிருக்கேன். ஏழு!"

"சரி, அதுக்கும் சுவத்துக்கும் என்ன?"

"அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்கறேன்? நாளைக்குப் பின்னாடியே போ."

மாமாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வயது முப்பத்து மூன்று. உயரம் ஆறடி ஒரு அங்குலம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. சிமெண்ட் தரை போடும் கோஷ்டியில் தண்ணீர் சுமப்பவராகச் சேர்ந்து, இப்போது அந்தக் கோஷ்டிக்கே தலைமை. கூட வேலை செய்பவர்கள் அவரை 'ரசமட்டம்' என்று கூப்பிடுவார்கள். கல்யாண வரவேற்பில் வந்தவர்கள் கையைக் குலுக்கிக்கொண்டிருக்க, இவர் மெதுவாக அக்காவின் காதில், "மேடை இடது பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கு" என்றாராம். முதன்முதலாகப் பேசிய காதல் வசனம் அது என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்காமல் உட்கார மாட்டார். அப்படிப்பட்டவர் ஒளித்து ஒரு காரியம் செய்கிறார் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. நம்பாமல் இருப்பதும் கஷ்டமாகத்தான் இருந்தது. முட்டைக் கணக்கு அக்கா சொன்னபடியே இருந்தது.

மறுநாள் அவர் சைக்கிளுக்கு ஐம்பது அடி பின்னால் நான் நடந்தும் ஓடியும் போனேன். நான்கு தெரு தாண்டி விளையாட்டு மன்றத்தின் பக்கவாசலில் இறங்கினார். காவலாளி எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. கம்பி வேலி வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒற்றை வளையம் வைத்த கூடைப்பந்துத் திடல். மாமா பையிலிருந்து ஷூவை எடுத்துப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, எழுந்து நின்று, வளையத்தையே முறைத்துப் பார்த்தார். பிறகு ஓடி வந்து குதித்தார். கையில் பந்துகூட இல்லை. விரல் வளையத்தில் பட்டது. திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தார். இருபத்தாறு தடவை எண்ணினேன்.

இருபத்தேழாவது ஓட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "வேலிக்குப் பின்னாடி நிக்கிறவரு உள்ள வரலாம். ஆனா செருப்பைக் கழட்டிட்டு வரணும்" என்றார்.

நான் அசடு வழிய உள்ளே போனேன்.

"அக்கா அனுப்பிச்சாளா?"

"ம்."

"என்னன்னு நெனைக்கிறா?"

"மொதல்ல திருடன்னு நெனைச்சா. அப்புறம் நீங்க வேற எங்கயோ குடித்தனம் வெச்சிருக்கீங்கன்னு..."

அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஒரு குடித்தனத்துக்கே மூச்சு வாங்குது மாப்ளே."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்தத் திடலின் தரையைப் போட்டதே இவர் கோஷ்டிதான். மூன்று மாதத்துக்கு முன்பு. பழைய தரை வெடித்துப்போனதால் அதன் மேலேயே புதுத் தளம். தண்ணீர் விட்டு ஆற வைத்துக்கொண்டிருந்த நாட்களில், காலையில் விளையாட வரும் அணியின் தலைவர், சட்டையில் ஏழு என்று எண் போட்டிருப்பவர், ஈரத் தரையில் ஷூவோடு நடந்திருக்கிறார். மாமா கத்தியிருக்கிறார். அதற்கு ஏழாம் நம்பர், "தரையைப் போட்டா போச்சா? அதுல ஆடறவனுக்குத்தான் அது சொந்தம்" என்றிருக்கிறார். மாமா, நானும் ஆடுவேன் என்று வாய்விட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் நம்பர் தோளில் தட்டி, "இவ்வளவு உயரம் இருக்கீங்களே, ஒரு டங்க் பண்ணிக் காட்டுங்க. மேல போய்ப் பந்தைக் கையாலயே வளையத்துக்குள்ள அமுக்கணும். வருஷப் போட்டிக்கு ஆள் எடுக்கிற ஞாயித்துக்கிழமைக்குள்ள பண்ணிட்டா, டீம்ல ஒரு இடம் உங்களுக்கு" என்றாராம்.

"மாமா, அவரு கேலி பண்ணியிருக்காரு" என்றேன்.

"தெரியாதா எனக்கு? கேலிதான். ஆனா பத்துப் பேர் கேக்கச் சொல்லிட்டானே. இனிமே அவன் பின்வாங்க முடியாதுல்ல?"

"எதுக்கு மாமா உங்களுக்கு இதெல்லாம்?"

அவர் உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"பதினெட்டு வருஷமா தரை போடறேன். ஆஸ்பத்திரி, கடை, கல்யாண மண்டபம், உங்க காலேஜ் மாதிரி ரெண்டு காலேஜ். வேலை முடிஞ்சு சாமானை ஏத்திட்டா அவ்வளவுதான். போட்ட தரையில மறுபடி கால் வெச்சதே இல்ல. வாசல்லயே யாரு, என்ன வேணும்னு கேப்பாங்க. இது ஒண்ணுலயாவது கேள்வி கேக்காம நடக்கணும் மாப்ளே."

வீட்டுக்குப் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். மாமா பந்து விளையாடக் குதிக்கப் பழகுகிறார் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா. எவ்வளவு குடுத்தாரு உனக்கு?"

அடுத்த மூன்று மாதம் நானும் அவரோடு விடியற்காலையில் போனேன். அக்காவின் கண்ணில் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் ஆனோம். கைபேசியில் பார்த்த பயிற்சிகளை நான் படித்துச் சொல்வேன், அவர் செய்வார். படிக்கட்டில் ஒற்றைக்காலால் ஏறுவது, குந்தி எழுந்து துள்ளுவது. முதலில் டென்னிஸ் பந்தை வளையத்துக்குள் போட்டார். பிறகு கைப்பந்து. கூடைப்பந்தை ஒரு கையால் பிடிக்கத்தான் மற்றவர்கள் திணறுவார்கள். மாமாவுக்கு அது பிரச்சினையே இல்லை. பதினெட்டு வருடம் மட்டப்பலகையைப் பிடித்து இழுத்த கை, பந்தைத் தேங்காய் மாதிரி கவ்விக்கொண்டது.

ஆள் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. ஓடி வந்தார், எழும்பினார், பந்து வளையத்தின் விளிம்பில் உரசி உள்ளே இறங்கியது. மாமா கீழே வந்தார். "உள்ள போச்சா?" என்று என்னைக் கேட்டார். "போச்சு மாமா!" என்று கத்தினேன். காவலாளிகூட ஓடி வந்து பார்த்தார். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை போட்டார்.

அன்று வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். மதியம் வரைக்கும். ஒரு குழாயை அளந்துகொண்டிருந்தபோது அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடியது. வாரா வாரம் சந்துச் சுவரில் குதித்துத் தொட்டு மாமா வைத்த தடங்களில் கடைசி, ஒன்பது அடி பத்து அங்குலம். சந்தில் தண்ணீர்த் தொட்டி குறுக்கே இருப்பதால் இரண்டு எட்டுக்கு மேல் ஓட முடியாது. திடலில் ஓடி வந்தால் நான்கு அங்குலம் கூடும் என்றே வைத்துக்கொள்வோம். பத்தடி இரண்டு. வளையத்தின் உயரம் பத்தடி. பந்தை உள்ளே அமுக்க வேண்டுமானால் கை அதற்கு மேலே குறைந்தது ஆறு அங்குலம் போக வேண்டும். நான்கு அங்குலம் இடித்தது.

உடனே வேறு சில விஷயங்களும் நினைவுக்கு வந்தன. காலை அணியில் இருப்பவர்கள் ஆறு மாதமாகப் பந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து எறிந்தால் வளையத்தைத் தாண்டிப் பின்பலகையில் அடிக்கிறதாம். ஏழாம் நம்பர் தன் வாழ்நாளின் முதல் டங்க்கைப் போட்டதும் இந்த ஆறு மாதத்துக்குள்தான். இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம், காவலாளி சொன்னார். பந்தைச் சந்தேகப்பட்டார்களே தவிர, தங்கள் காலை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் உணவு இடைவேளையில் தொழிற்சாலையின் இரும்பு நாடாவோடு மன்றத்துக்குப் போனேன். காவலாளி ஏணியைக் கொடுக்க யோசித்தார். "வளையத்தைக் கழட்டி வித்துடுவியா?" என்று கேட்டுவிட்டு, ஏணியை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். என்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் பிடித்தார், விழுந்துவிடுவேன் என்பதற்காக இல்லை.

ஒன்பது அடி எட்டு அங்குலம்.

கம்பத்தின் அடியில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய தரையை உடைத்து எடுக்காமல் அதன் மேலேயே நான்கு அங்குலம் தளம் போட்டிருக்கிறார்கள். கம்பம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், தளம் வெடிக்காமல் இருக்க எங்கே வெட்டு விட வேண்டும், மூலை மட்டம் சரியா, எல்லாம் பார்த்தவர் மாமா. தலையைத் தூக்கி மட்டும் பார்க்கவில்லை. தரை போடுகிறவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். அவர்கள் வேலை காலடியில் முடிந்துவிடுகிறது.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை டங்க் போடுவார், இடம் கிடைக்கும், ஏழாம் நம்பரின் முகம் சுருங்கும். இதில் யாருக்கு நஷ்டம்? அப்படியிருந்தும் எனக்கு ஏன் உறுத்துகிறது என்று என்னையே குடைந்துகொண்டேன். நேர்மையா? அல்லது படிக்காதவர் ஒருவர் ஜெயிப்பதைப் படித்தவனால் அளக்காமல் பார்க்க முடியவில்லையா? அக்கா வீட்டுக் கூடத்தில் என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாமாதான் ரசமட்டம் வைத்து மாட்டினார். மூன்றாம் பருவக் கணிதத்தில் நான் வாங்கியது முப்பத்தாறு. நாற்பது என்று ஆனது கருணை மதிப்பெண்ணால். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் யாராவது நாடாவோடு வந்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த உணர்வை மாமாவுக்கும் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். சொல்வதா விடுவதா, எதைச் செய்தால் அவருக்கு அது வராது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

"என் தரையா?" என்றார். வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "என் தரையில தப்பா?"

"தரையில தப்பு இல்ல மாமா. வளையம்தான்..."

"நாலு அங்குலம் ஏத்தினது யாரு? வளையமா எறங்கி வந்துச்சு?"

நாடாவை என் கையிலிருந்து வாங்கினார். சைக்கிளை எடுத்தார். திரும்பி வரும்போது இருட்டவில்லை, ஆனால் முகம் இருண்டிருந்தது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாக, "ஞாயித்துக்கிழமை கழிச்சுச் சொல்லிக்கலாம் மாமா" என்றேன்.

"அப்புறம் அவன் டீம்ல நான் நிக்கும்போது, தினம் மேல பாத்துக்கிட்டே நிக்கணும்" என்றார்.

சனிக்கிழமை பட்டறையில் ஓர் இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காவலாளியிடம், "என் வேலைல ஒரு குறை இருக்குண்ணே, திருத்தணும்" என்று சொல்லி, பலகையையும் வளையத்தையும் சேர்த்து நான்கு அங்குலம் உயர்த்தினார். நான் கீழிருந்து நாடாவைப் பிடித்தேன். பத்தடி. மயிரிழை கூடவோ குறையவோ இல்லை.

ஏழு மணிக்கு அணி வந்தது. பதினோரு பேர். அக்காவும் வந்து வேலிக்கு வெளியே நின்றாள். நான் சொன்னது உண்மைதானா என்று பார்க்க வந்தாளாம்.

மாமா நடந்ததை அப்படியே அவர்களிடம் சொன்னார். யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. "சரி சரி, குதிங்க" என்றார் ஏழாம் நம்பர். மாமா மூன்று தடவை ஓடி வந்தார். மூன்று தடவையும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பியது. வேலிக்கு வெளியே இருந்து, "இதுக்கா ஏழு முட்டை?" என்று அக்காவின் குரல் கேட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் நம்பர் பந்தை வாங்கி, "இப்படி" என்று சொல்லி ஓடி வந்தார். அவருடைய பந்தும் மோதித் திரும்பியது. சிரிப்பு நின்றது. மறுபடி போனார். மறுபடி மோதியது.

"வளையத்தை ரொம்ப ஏத்திட்டான்" என்றார் மூச்சு வாங்க. "நாம டங்க் பண்ணக் கூடாதுன்னே பண்ணியிருக்கான். வயித்தெரிச்சல்."

நான் நாடாவை நீட்டினேன். "நாடா யாரோடது? இவரோட மச்சானோடதா?" என்றார் ஒருவர். தன் காரிலிருந்து வேறு நாடா கொண்டுவந்தார் இன்னொருவர். அதுவும் பத்தடி என்றது. கைபேசியால் அளந்தார்கள். அது பத்தடி ஒன்று என்றதும் ஒரு சின்ன ஆரவாரம் எழுந்தது. பிறகு அதை யாருமே நம்பவில்லை.

ஆறு மாதமாகத் தாங்கள் போட்ட டங்க்குகளை ஒவ்வொருவரும் மனதுக்குள் திரும்ப எண்ணுகிறார்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நிற்பவனின் எண்ணிக்கையையும்தான்.

"பழையபடியே எறக்கிடலாமே" என்றார் ஏழாம் நம்பர். "போட்டிக்கு வேற இடத்துக்குத்தானே போறோம். இங்க எப்படி இருந்தா என்ன? கை தூக்குங்க." பத்துக் கை எழுந்தது. அவர் மாமா பக்கம் திரும்பினார். "நீங்களும் டங்க் பண்ணிடலாம். இடமும் கிடைச்சிடும். எறக்குங்க."

மாமா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அவர் அதை ஏழாம் நம்பரிடம் நீட்டினார்.

"நான் ஏத்தினதை நான் எறக்க மாட்டேன் சார். நீங்க ஏறுங்க. ஏணிய நான் புடிச்சுக்கறேன்."

கேலி இல்லாமல்தான் சொன்னார். ஏணியை நகர்த்தி, வளையத்துக்கு நேர் கீழே நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஏழாம் நம்பர் ஸ்பேனரைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். கை தூக்கிய பத்துப் பேரில் ஒருவரும் ஏணியில் கால் வைக்கவில்லை. ஸ்பேனர் ஒரு சுற்று வந்து கடைசியில் அணியிலேயே குள்ளமானவரிடம் சேர்ந்தது. கை தூக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். வளையம் பத்தடியில் இருந்தாலும் எட்டடியில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

"மணி எட்டாகுது. ஆடப் போறோமா இல்லியா?" என்றார். "எல்லாரும் ஆடணும்னா ஆறுக்கு ஆறு வேணும், பதினோரு பேர் இருக்கோம். அண்ணே, ஏணிய ஓரமா வெச்சிட்டு என் பக்கம் வாங்க. இல்ல வேண்டாம், அந்தப் பக்கம் போங்க. உங்களை நான் மறிக்கிறேன்."

ஏழாம் நம்பர் பந்தை எடுத்துக்கொண்டு திடலின் நடுவுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமா மோசமாக ஆடினார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார். எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு "மன்னிச்சுக்குங்க" என்றார். இரண்டு பேரின் காலை மிதித்தார். ஒரே ஒரு பந்து போட்டார், அதுவும் பலகையில் பட்டுத் தற்செயலாக விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு போனார்கள். "புதன்கிழமை ஆறு மணி" என்று யாரோ பொதுவாகச் சொன்னார்கள். அது மாமாவுக்கும் சேர்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

வரும் வழியில் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அக்கா எங்களோடு சேராமல் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, உண்மையச் சொல்லு. பாவம்னு சேத்துக்கிட்டாங்களா? இல்ல ஆள் குறைஞ்சதுனாலயா?"

"தெரியல மாமா."

நிஜமாகவே தெரியவில்லை. இரண்டுமே இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

அவர் நின்றார். சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். குள்ளமானவரின் முழங்கை பட்ட இடம் சிவந்து, ஓரத்தில் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. பெரிய ரசீதைச் சரிபார்ப்பவர் போல அதைக் குனிந்து பார்த்தார்.

"இந்தா, இதைப் பாரு. பாவம்னு நெனைக்கிறவன் இப்படி இடிப்பானா?"

அழுத்திப் பார்த்து, "ஸ்ஸ்" என்றார். புதன்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும் என்று கேட்டார்.